மலைப்பாதையும் வண்டியின் வில்லும்

தலவாக்கலையிலிருந்து லிந்துலையைக் கடந்து அக்கரப்பத்தனைக்குச் செல்வது பஸ் ஓடும் பாதை. அப்பாதையிலிருந்து பிரிந்து, டயகம, ஹோல்புறூக், மன்றாசி எனத் திசைக்கொன்றாகத் தேயிலை மலைகளுக்குள் புகும் தோட்டப் பாதைகளின் கதையோ வேறு. கருங்கல் பரப்பிய மேடு, மழைநீர் அரித்த பள்ளம், பாதைக்குக் குறுக்கே ஓடும் கான், ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் கிடுகிடு பள்ளம் என்று அவை மலையின் விலாவைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. கொழுந்து மடுவத்திற்கும், லயங்களுக்கும், தொழிற்சாலைக்கும் போக வேறு வழியில்லை. இப்பாதைகளில் ஓடும் வாகனத்துக்கு எஞ்சினின் வலிமை மட்டும் இருந்தாற் போதாது. சில்லுக்கும் செசிக்கும் இடையே அமைந்து, பாதையின் ஒவ்வோர் அடியையும் வாங்கிக்கொள்ளும் வில் பொருத்தமாக அமைய வேண்டும். கராஜ்களில் ஸ்பிரிங் என்று வழங்கும் அவ்வில்லை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது வாகனப் பிரியர்களின் பொழுதுபோக்கு விடயம் என்று சிலர் எண்ணலாம். மலையகத்தில் அது அப்படியன்று. நோயுற்ற ஒருவரையோ, பேறுகால வேதனையில் இருக்கும் ஒரு தாயையோ லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வது பல வேளைகளில் தோட்டத்து வாகனமே. 1990 சுவசெரிய என்னும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்தது. எனினும் மேட்டு லயத்திலிருந்து அம்புலன்ஸ் வந்து நிற்கக்கூடிய இடம் வரையில் உள்ள அந்த ஓரிரு மைல் தூரத்தைக் கடப்பதற்கு வலிய வண்டியொன்று வேண்டியே இருக்கிறது. அந்த வண்டியின் வில் பிழையானால் உள்ளே படுத்திருப்பவரின் உடல் அதை உணரும். பிழை பெரிதானால் வண்டியே பள்ளத்தை நோக்கிச் சாயும்.

மலையகத் தோட்டங்களில் இத்தகைய வாகனம் என்றதும் நினைவுக்கு வருவது லாண்ட் ரோவர். 1947இல் மொறிஸ் வில்க்ஸ் என்னும் பொறியியலாளர், போர்க்காலத்து அமெரிக்க ஜீப் ஒன்றைத் தமது பண்ணையில் ஓட்டிப் பார்த்த அனுபவத்திலிருந்து இவ்வண்டியின் எண்ணம் பிறந்தது. 1948 ஏப்ரிலில் ஆம்ஸ்ரடாம் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள நீளத்தை அச்சிடைத் தூரம் எனலாம். அந்த முதல் வண்டியின் அச்சிடைத் தூரம் ஜீப்பினுடையதைப் போலவே 80 அங்குலம். 1954ஆம் ஆண்டு வண்டிகளில் அது 86, 107 என இருவகையாயிற்று. 1956இல் 88, 109 என்ற அளவுகள் வந்தன. கட்டை வண்டி, நெட்டை வண்டி என்று சொல்லத்தக்க இவ்விரு வடிவங்களும் 1985 வரையில் தகட்டுவில்லோடு உற்பத்தியாகின. 1983இல் 110 அங்குல வண்டியும், 1984இல் 92.9 அங்குலமுள்ள ‘நைன்ரி’ வண்டியும் சுருள்வில்லோடு வெளிவந்தன. பின்னாளில் டிஃபென்டர் என்று பெயர் பெற்ற அவ்வரிசையின் உற்பத்தி 2016 ஜனவரியில் முடிந்தது.

இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வண்டியைப் பேணி ஓட்டுவதே வழக்கமாயிற்று. பழைய வண்டிக்கு வில் மாற்றுவது அதனாலும் முக்கியமான வேலையானது. பழைய லாண்ட் ரோவர் தவிர, இன்று தோட்டப் பாதைகளில் ஓடுபவற்றுள் 2,250 மில்லிமீற்றர் அச்சிடைத் தூரமுள்ள சுசுகி ஜிம்னி போன்ற குட்டை வண்டிகளும், 3,085 மில்லிமீற்றர் நீளும் ரொயோட்டா ஹைலக்ஸ் போன்ற டபுள் கெப் வண்டிகளும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் ஒரே வில் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை விளங்கிக்கொண்டால் தேர்வு எளிதாகும்.

வில்லின் தன்மையை 1678இல் றொபேட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி ஒரே விதியில் அடக்கிக் காட்டினார். எவ்வளவு பாரம் ஏற்றுகிறோமோ அதற்கு நேர்விகிதத்தில் வில் அமிழும் என்பதே அவ்விதி. ஓர் அங்குலம் அமிழ்வதற்கு எத்தனை இறாத்தல் வேண்டும் என்பதே ஒரு வில்லின் விறைப்பு. அங்குலத்துக்கு 200 இறாத்தல் என்றால், 400 இறாத்தல் ஏற்றும்போது அவ்வில் 2 அங்குலம் தாழும். கணக்கு இவ்வளவுதான். ஆயினும் வில் வாங்கச் செல்வோரிற் பலர் இந்த எண்ணைக் கேட்பதில்லை. “எத்தனை அங்குலம் உயரும்?” என்று மட்டுமே கேட்கிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

உயரம் வேறு, விறைப்பு வேறு. வண்டியை உயர்த்த இரண்டு வழிகள் உள. பழைய வில்லின் விறைப்பையே வைத்துக்கொண்டு நீளத்தைக் கூட்டலாம். அல்லது நீளத்தை மாற்றாமல் விறைப்பைக் கூட்டலாம். விறைத்த வில் குறைவாகவே அமிழும். ஆதலால் வண்டி தானாக உயர்ந்து நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். வெறும் வண்டியின் பின்புறத்து வில் ஒவ்வொன்றும் 500 இறாத்தல் பாரத்தைத் தாங்குகிறது என்று கொள்வோம். விறைப்பு 200 இறாத்தலானால் அது இரண்டரை அங்குலம் அமிழ்ந்து நிற்கும். அதே நீளத்தில் 330 இறாத்தல் விறைப்புள்ள வில்லைப் போட்டால் அது ஒன்றரை அங்குலமே அமிழும். வண்டி ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டது. வில் இணக்கமாயிருந்தபோது அந்த வண்டி பள்ளத்தில் விழுந்தெழுந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 தடவை என்ற வேகத்தில் ஆடும். விறைத்த வில்லில் அது 150ஐத் தாண்டும். மனிதன் நிதானமாக நடக்கும்போது அவன் உடல் ஏறி இறங்குவது நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு தடவைதான். அந்த அளவை விட்டு வெகுதூரம் விலகிய ஆட்டம் உடலுக்கு ஒவ்வாதது. முதுகெலும்புக்கும், கர்ப்பிணியின் வயிற்றுக்கும், ஒடிந்த எலும்புக்கும் அது உதையாகவே வந்து சேரும். ஓர் அங்குல உயரத்துக்காக அந்த விலையைக் கொடுப்பது அறிவுடைமையன்று. ஓர் அங்குலம் நீண்ட, 200 இறாத்தல் வில்லே போதுமாயிருந்தது.

அப்படியானால் விறைத்த வில் வேண்டாமா? வேண்டும், பாரம் இருக்குமிடத்தில் வேண்டும். அதே வண்டியில் ஒவ்வொரு பின்வில்லின் மேலும் மேலதிகமாக 400 இறாத்தல் ஏறுமானால், இளகிய வில் நாலரை அங்குலம் தாழ்ந்து, செசி அச்சின் இறப்பர்க் கட்டையில் முட்டும் நிலைக்கு வந்துவிடலாம். அப்போது விறைத்த வில் 2.7 அங்குலத்தில் நின்று காக்கும். ஆகவே தேர்வின் முதற் கேள்வி, “வண்டி பெரும்பாலான நேரம் என்ன பாரத்தைச் சுமக்கிறது?” என்பதாகும். காலையில் வெறுமையாக ஏறி, மாலையில் சாக்குகளோடு இறங்கும் வண்டிக்கு, இரண்டு கட்டமாக வேலை செய்யும் வில் உகந்தது. தகட்டுவில்லானால் கீழே ஒரு துணைவில், பாரம் ஏறிய பின்னரே தொட்டுத் தாங்கும். சுருள்வில்லானால் சுற்றுகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் ஒரு பக்கம் இடைவெளியாகவும் அமைந்து, அமிழ அமிழ விறைக்கும்.

இனி அச்சிடைத் தூரம் இதில் எங்கே வருகிறது என்பதைப் பார்க்கலாம். அது நான்கு இடங்களில் வருகிறது.

முதலாவது, பாரம் பகிரப்படும் முறை. கட்டை வண்டியின் பின்னச்சுக்கு 20 அங்குலம் பின்னால் 400 இறாத்தல் பாரத்தை ஏற்றினால், நெம்புகோல்போல அது முன்னச்சைத் தூக்க முயலும். 88 அங்குல வண்டியில் முன்னச்சின் பாரம் ஏறக்குறைய 91 இறாத்தல் குறையும். 109 அங்குல வண்டியில் 73 இறாத்தலே குறையும். முன்னச்சுப் பாரம் குறைந்தால் ஸ்டியரிங் பிடிமானம் இழக்கும். செங்குத்தான ஏற்றத்தில் பாரம் மேலும் பின்னுக்குச் சரிவதால் இக்குறை பெருகும். கட்டை வண்டியின் பின்புறத்தில் மட்டும் பாரத்தை அடுக்கி, பின்வில்லை மட்டும் மாற்றி, முன்னச்சை மறந்துவிடுவது ஆகாத காரியம்.

இரண்டாவது, வண்டியின் நடுவயிறு. மேட்டின் உச்சியை ஏறிக் கடக்கும்போது, நான்கு சில்லுகளும் தரையில் இருக்க, வயிறு மேட்டில் தட்டி நின்றுவிடுவதைச் சாரதிகள் நன்கு அறிவர். 88 அங்குல வண்டிக்கு நடுவில் 12 அங்குல இடைவெளி இருந்தால் எந்த மேட்டைக் கடக்க முடியுமோ, அதே மேட்டைக் கடக்க 109 அங்குல வண்டிக்கு ஏறக்குறைய 15 அங்குலம் வேண்டும். நெட்டை வண்டிக்கு உயர்த்துதல் உண்மையான பயன் தருவது இந்த இடத்திலேதான். கட்டை வண்டிக்கு இயற்கையிலேயே உள்ள நன்மையை உயர்த்தி மேலும் பெருக்குவதாற் கிடைப்பது சிறிதே.

மூன்றாவது, எஞ்சினின் வலுவைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டு. 88க்கும் 109க்கும் உள்ள 21 அங்குல வேறுபாடு பெரும்பாலும் இத்தண்டின் நீளத்திலேயே சேர்கிறது. தண்டு 24 அங்குலமானால், 2 அங்குல உயர்வு அதன் சரிவை ஏறக்குறைய 5 பாகை கூட்டும். 45 அங்குலமானால் இரண்டரைப் பாகையே கூட்டும். சரிவு மிகுந்தால் தண்டின் மூட்டுகள் அதிர்ந்து விரைவில் தேயும். ஆகவே நெட்டை வண்டி தாங்கும் உயர்வைக் கட்டை வண்டி தாங்காது. இரண்டுக்கும் ஒரே பொதியை விற்பவர் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

நான்காவது, முன்பின் ஆட்டம். முன்சில்லு ஒரு பள்ளத்தில் விழுந்த சிறிது நேரத்தின் பின்னரே பின்சில்லு விழுகிறது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அந்த இடைநேரம் 88 அங்குல வண்டிக்கு 0.4 விநாடி; 109 அங்குல வண்டிக்கு அரை விநாடி. முன்வில் சிறிது இளக்கமாயும் பின்வில் சிறிது விறைப்பாயும் இருந்தால், பிந்தித் தொடங்கும் பின்புறத்து ஆட்டம் முன்புறத்து ஆட்டத்தை எட்டிப் பிடித்து, வண்டி தொட்டில்போல முன்னும் பின்னும் ஆடாமல் சமமாக எழுந்து தாழும். 1930களில் மொறிஸ் ஓலி என்னும் பொறியியலாளர் அமெரிக்காவிற் செய்த ஆராய்ச்சிகளால் நிலைநாட்டிய தத்துவம் இது. முன்வில்லை மிக விறைப்பாக்கிப் பின்வில்லைப் பழையபடியே விட்டால் இச்சமநிலை குலையும். கட்டை வண்டியில் அக்குலைவு கூடுதலாகத் தெரியும். பின்னிருக்கை பின்னச்சின் மேலேயே அமைந்திருப்பதால் சில்லின் முழு எழுச்சியும் அமர்ந்திருப்பவரைச் சேரும். நெட்டை வண்டியிலோ இரு அச்சுகளுக்கும் நடுவே இருப்பவருக்கு, ஒரு சில்லின் எழுச்சியில் ஏறக்குறையப் பாதியே சேரும். நோயாளியைக் கிடத்திச் செல்ல நெட்டை வண்டி ஏற்றதாயிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு வண்டியின் வில் மற்றொரு வண்டியில் ‘பொருந்திவிடுவது’ பெரிய மயக்கமாகும். 90 வண்டியின் சுருள்வில் இருக்கையில் 110 வண்டியின் கனத்த பின்வில் அமர்ந்துவிடும். அமர்வது வேறு, பொருந்துவது வேறு. பாரவண்டிக்கென்று செய்யப்பட்ட அவ்வில், இலேசான கட்டை வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி, ஈரக் களிமண்ணில் சில்லைத் துள்ளச் செய்யும். துள்ளும் சில்லுக்குப் பிடிப்பில்லை. லாண்ட் ரோவர் சுருள்வில்களில் அடையாளத்துக்காக நிறக் கோடுகள் தீட்டப்பட்டிருப்பது இத்தகைய குழப்பத்தைத் தவிர்ப்பதற்கே. பழைய வில்லைக் கழற்றுமுன் அக்கோடுகளைக் குறித்துக்கொள்ளல் நன்று. பழைய தகட்டுவில் வண்டிகளில் சாரதிப் பக்கத்து வில்லும் மறுபக்கத்து வில்லும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. சாரதியின் பாரமும் எரிபொருள் தாங்கியின் பாரமும் ஒரே பக்கத்தில் விழுவதால், அப்பக்கத்து வில் கூடுதலாக வளைத்துச் செய்யப்பட்டிருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினால் வண்டி ஒருபுறம் சாய்ந்து நிற்கும்.

வில்லின் உருவத்தில் செய்யும் சிறு மாற்றமும் விறைப்பைப் பெரிதும் மாற்றும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். சுருள்வில்லின் கம்பியை நூற்றுக்குப் பத்துப் பங்கு தடிப்பாக்கினால் விறைப்பு நூற்றுக்கு 46 பங்கு கூடிவிடும். தகட்டுவில்லின் தகட்டுத் தடிப்பை இருமடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். ஏழு தகடுகளுள்ள கட்டில் அதே தடிப்புள்ள மேலும் ஒரு தகட்டைச் சேர்த்தால் விறைப்பு ஏழிலொரு பங்கு, அதாவது நூற்றுக்கு 14 பங்கு அளவில் கூடும். ஆதலால் கண்ணால் பார்த்து, “இது கொஞ்சம் தடிப்பு, பரவாயில்லை” என்று எடுப்பது பிழையாக முடியலாம். தாழ்ந்த தகட்டைக் குளிர்நிலையிற் சம்மட்டியால் அடித்து வளைத்துக் கொள்வதும் நீடித்து நிற்பதில்லை. உரிய முறையிற் சூடேற்றிப் பதம் செய்யாத உருக்கு விரைவில் மீண்டும் தாழ்ந்துவிடும்.

உயர்த்துவதாற் கிடைப்பது எது, கிடைக்காதது எது என்பதையும் தெளிந்துகொள்ளல் அவசியம். வில்லை உயர்த்தினால் செசி உயரும், அச்சு உயராது. நேரச்சு வண்டிகளில் பாதைக் கல்லில் முதலில் இடிபடுவது அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி. அது உயர வேண்டுமானால் பெரிய டயரே வழி. பெரிய டயர் பூட்ட இடம் வேண்டுமென்பதற்காக வில்லை உயர்த்துவது ஒரு நியாயம். காரணமின்றி உயர்த்துவதோ தீமையை விலைக்கு வாங்குவதாகும்.

அத்தீமை எது? வண்டியின் புவியீர்ப்பு மையம் உயர்வதே. இடதுசில்லுக்கும் வலதுசில்லுக்கும் இடைத்தூரம் 52 அங்குலமும், மையத்தின் உயரம் 28 அங்குலமும் ஆனால், விறைத்த பெட்டிபோலக் கணக்கிடும்போது அவ்வண்டி ஏறக்குறைய 43 பாகை சாய்வில் கவிழும். 2 அங்குலம் உயர்த்தினால் 41 பாகையிலேயே கவிழும். இரண்டு பாகைதானே என்று எண்ணலாகாது. வில் ஒருபுறம் அமிழ்வதும், கூரைமேல் ஏற்றிய பாரமும், வளைவில் திரும்பும் வேகமும் அந்த எல்லையை முன்னரே வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. மழை பெய்து பாதையின் வெளியோரம் இறங்கியிருக்கும் நாளில் சாரதியிடம் மிஞ்சியிருப்பது சில பாகைகளே. அதிலிருந்துதான் இந்த இரண்டு பாகையும் கழிகிறது. அச்சிடைத் தூரம் எதுவாயினும் இக்கணக்கு மாறுவதில்லை. நெட்டை வண்டி என்பதற்காக அது பக்கவாட்டிற் கவிழாமல் இருக்கப் போவதில்லை.

வில்லை மாற்றியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. சுருள்வில் லாண்ட் ரோவரில் முன்னச்சு இரு கைகளால் செசியுடன் பிணைக்கப்பட்டுள்ளது. செசி உயரும்போது அக்கைகள் அச்சைச் சிறிது சுழற்றிவிடுகின்றன. ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதற்கென்று அமைக்கப்பட்ட சில்லின் சாய்கோணம் இதனாற் குறையும். 2 அங்குலத்துக்கு மேற்படும் உயர்வில் அக்கோணத்தின் பெரும்பகுதி போய்விடும். வளைவிலிருந்து வெளிவரும் வண்டி நேராக மறுக்கும். அதற்கெனத் திருத்திய கைகளோ புஷ்களோ பூட்ட வேண்டும். அச்சைப் பக்கவாட்டிற் பிடித்திருக்கும் கோலும் செசி உயரும்போது வட்டமாக நகர்ந்து, அச்சைச் சற்று ஒருபுறம் இழுக்கும். தகட்டுவில் வண்டிகளில் சிலர் வில்லை விட்டுவிட்டு, அதன் ஒரு முனையைத் தாங்கும் ஷெக்கலை மட்டும் நீட்டுவார்கள். 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலமே உயரும். ஆனால் வில்லின் ஒரு முனை மட்டும் இறங்குவதால் அச்சு சுழன்று அதே கோணக்கேடு வந்து சேரும். மலிவான வழி என்பதனால் அது நல்ல வழி ஆகிவிடாது.

பிரேக்குக்குச் செல்லும் இறப்பர்க் குழாய்கள், சில்லு முழுதும் தொங்கும்போது இறுகுகின்றனவா என்று பார்த்தே தீர வேண்டும். ஒரு கானைக் கோணலாகக் கடக்கையில் ஒரு சில்லு தொங்கி, குழாய் அறுந்தால், அடுத்த இறக்கத்தில் பிரேக் இராது. ஷொக் அப்சோபர் பழைய நீளத்திலேயே இருந்தால், வில் விரியுமுன் அது முழுதும் நீண்டு அதன் பிணைப்பே அறுந்துபோகலாம். விறைத்த வில்லுக்கு அதன் எழுச்சியை அடக்கவல்ல ஷொக் அப்சோபரும் உடன் வேண்டும். சில டபுள் கெப் வண்டிகளில் பின்னச்சின் உயரத்தைப் பார்த்துப் பின்பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பின்புறத்தை உயர்த்தினால், வண்டி வெறுமையாயிருக்கிறது என்று அது ‘எண்ணி’, பாரம் ஏற்றிய வேளையிலும் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். அதைத் திருத்தி அமைக்காமல் இறக்கத்தில் இறங்குவது ஆபத்து. முன்விளக்குகளின் நோக்கையும் தாழ்த்த வேண்டும். இல்லையேல் எதிரே வரும் சாரதியின் கண்ணைக் குருடாக்கும்.

இவற்றையெல்லாம் தொகுத்து, வில் வாங்கப் புறப்படுபவர் செய்ய வேண்டிய ஒழுங்கைச் சொல்லலாம். முதலில், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரையிலான உயரத்தை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலை கொடுத்த அளவைவிடத் தாழ்ந்திருந்தால், வேண்டியது உயர்த்தும் வில்லன்று; அதே அளவுள்ள புதிய வில்லே. பல ஆண்டுகளாக மழையிலும் பாரத்திலும் உழைத்த வில் தளர்ந்திருப்பதை, வண்டி உயரம் போதாதது என்று மயங்குவோர் பலர். இரண்டாவதாக, வெறுமையாகவும், வழக்கமான பாரத்தோடும் ஒவ்வோர் அச்சின் நிறையையும் தனித்தனியே நிறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, விற்பவரிடம் வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல், அச்சிடைத் தூரம், அச்சுகளின் நிறை, வேண்டிய உயரம் ஆகிய மூன்றையும் சொல்லி, வில்லின் விறைப்பையும் சுயநீளத்தையும் கேட்டறிய வேண்டும். அந்த இரண்டு எண்களையும் சொல்ல முடியாத வில்லை வாங்காதிருத்தலே நன்று.

நான்காவதாக, ஜோடி ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கத்து வில்லை மட்டும் மாற்றினால் வண்டி கோணும். பூட்டிச் சில நாட்கள் ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிய தகடுகள் படிந்து அமரும்போது அவை தளரும். இறுதியாக, வாகனத்தின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளையும், காப்புறுதிப் பத்திரத்தின் நிபந்தனைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விபத்து நேர்ந்தபின் அவற்றைப் படிப்பதாற் பயனில்லை.

எவ்வளவு உயர்த்தலாம் என்று ஓர் எண்ணைக் கேட்போருக்கு விடை இதுவே. கட்டை வண்டிக்குத் தொழிற்சாலை அளவே பெரும்பாலும் போதும். பெரிய டயருக்காக ஓர் அங்குலம் கூட்டலாம். நெட்டை வண்டிக்கு வயிறு தட்டும் தொல்லை உண்மையாகவே இருந்தால் 2 அங்குலம் வரை செல்லலாம்; மேலே சொன்ன திருத்தங்களோடு மட்டுமே செல்லலாம். அதற்கு மேல் வேண்டுவோர் வண்டியைவிடப் பாதையைத் திருத்துவது மேல். ஒரு கானுக்குக் கல் மதகு கட்டுவதும், அரித்த பள்ளத்தை நிரப்புவதும் ஒரு வண்டிக்கு மட்டுமன்றி, அவ்வழியே செல்லும் கொழுந்து லொறிக்கும், பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைக்கும், தலையில் சுமையோடு வருபவருக்கும் பயன்படும்.

வில் மாற்றி முடித்த வண்டியைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. சாரதி இறங்கி, வேறொருவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, தாம் பின்னிருக்கையில் அமர்ந்து மேட்டு லயத்திலிருந்து அக்கரப்பத்தனை நகர் வரையில் ஒரு தடவை வந்து பார்க்கட்டும். முன்னிருக்கையில் தெரியாதவை பின்னிருக்கையில் தெரியும். மழையிரவில் அதே இருக்கையில் ஒரு தாய் அமர்ந்து வருவதாக எண்ணிக்கொண்டு அவர் அப்பயணத்தைச் செய்வாரானால், போட்ட வில் சரியா பிழையா என்பதை வேறெவரிடமும் கேட்க வேண்டியிராது.